வெட்டவும் காய வைக்கவும் ஒரே பாத்தி: கோண்டாவில் பூந்தோட்டக் குறிப்புகள்

ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்க வேண்டும். பச்சையாக வெட்டிச் சாடியில் வைத்தால் அழகாக இருக்க வேண்டும், காய வைத்தால் நிறம் போகக் கூடாது. இப்படிப்பட்ட பூச்செடிகளைத் தேடினால் தோட்டக்கலைப் புத்தகங்கள் லவண்டர், யாரோ (yarrow), ஸ்டாட்டிஸ், ஜிப்சோபிலா என்று அடுக்கும். எல்லாம் குளிர்காலம் என்ற ஒன்றைக் கண்டு வளரும் செடிகள். ஸ்டாட்டிஸ் நாற்றுக்குச் சில வாரங்களாவது குளிர் பட்டால்தான் பூத்தண்டு ஒழுங்காக எழும்பும். யாழ்ப்பாணத்திலோ தை மாத விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே அந்தப் பட்டியலை நான் தொடவே இல்லை. நம் மண்ணில், நம் கிணற்று நீரில், சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றில் எது நிற்கும் என்பதிலிருந்துதான் தொடங்கினேன்.

இடம் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். வீட்டுப் பின்வளவில் கிணற்றடிக்கும் வெங்காயக் கொட்டிலுக்கும் நடுவே அரைப் பரப்பு (பரப்பு என்பது யாழ்ப்பாணத்து நில அளவு) செம்மண் நிலம். முன்பு மிளகாய் நின்ற தறை. இப்போது அதில் செவ்வந்தி, ரோசா, நீலச் சால்வியா, நிலச்சம்பங்கி ஆகிய நான்கும் நிலையாக நிற்கின்றன. வேலியோரம் போகன்விலா. இடைவெளியெல்லாம் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும்.

கடைசி இரண்டும் பல்லாண்டுச் செடிகள் அல்ல, ஒரு பருவத்துச் செடிகள். ஆனாலும் அவற்றை விட எனக்கு மனமில்லை. விதை தானே விழுந்து முதல் மழைக்குத் தானே முளைக்கிறது. களைந்து, இடம் மாற்றி நட்டால் போதும். பல்லாண்டுச் செடியிடம் எதிர்பார்ப்பதும் அதுதானே, வருடா வருடம் விதைப் பொதி வாங்காமல் பூ கிடைக்க வேண்டும் என்பது.

வாடாமல்லி ஏன் வாடுவதில்லை என்பதை ஒரு பூவைப் பிய்த்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். நாம் பூ என்று சொல்லும் அந்த ஊதா உருண்டை ஒரு பூ அல்ல, நூற்றுக்கு மேற்பட்ட சிறு செதில்கள் நெருக்கமாக அடுக்கிய ஒரு கொத்து. செதில் ஒவ்வொன்றும் செடியில் இருக்கும்போதே காகிதம்போல உலர்ந்துதான் இருக்கிறது. விரலால் தேய்த்தால் சரசரக்கும். உண்மையான பூ அந்தச் செதில்களின் இடுக்கில் வெள்ளையாக, கடுகைவிடச் சிறிதாக எட்டிப் பார்க்கும். அதைக் காண வேண்டுமானால் பூவைக் கண்ணருகே கொண்டு வர வேண்டும். போகன்விலாவும் அப்படித்தான். சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும் மூன்றும் இலைகள். நடுவில் நிற்கும் மெல்லிய வெள்ளைக் குழாய்தான் பூ. இரண்டிலும் கோழிக்கொண்டையிலும் நிறம் தருவது பீட்றூட் கிழங்கில் இருக்கும் பீட்டலெயின் வகைச் சாயம். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் முளைக்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் அதில் வியப்பில்லை. நீர் குறைவான பாகத்தில் சாயம் இருப்பதால் காயும்போது சுருங்குவதற்கு அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. உலர்பூவுக்குச் செடியைத் தெரிவுசெய்யும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தொட்டால் சரசரக்கிறதா, சதைப்பற்றாக இருக்கிறதா?

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியான வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல். கிணற்று நீரும் அந்தக் கல்லுக்குள்ளிருந்துதான் வருகிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலமே பாத்தியிலும் படிகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோடை முழுவதும் இந்த நீரை இறைக்க இறைக்க மண் காரத்தன்மை அடைகிறது. காரமண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ரோசாவில் இது முதலில் தெரியும்: இளந்தளிர் மஞ்சளாகிவிடும், நரம்புகள் மட்டும் பச்சை வலைபோல நிற்கும். இரும்புச் சல்பேற்றை வேரடியில் போட்டுப் பயனில்லை, சுண்ணாம்பு அதைச் செடிக்கு எட்டாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு லீற்றர் மழைநீரில் 5 கிராம் கரைத்து, சில துளி தேசிக்காய்ச் சாறு சேர்த்து, வெயில் இறங்கிய பிறகு இலையில் தெளிக்கிறேன். அடுத்து வரும் தளிர் பச்சையாக வருகிறது. மஞ்சளாகிப்போன பழைய இலை முழுதாகத் தேறுவதில்லை. நீண்ட காலத்துக்கு நம்பியிருப்பது குழை தாழ்ப்பதைத்தான். பூவரசங்குழையும் சீமைக்கிளுவையும் வேலியிலேயே கிடைக்கின்றன. பாத்தியின் ஓரத்தில் கால்வாய் வெட்டி, குழையைப் போட்டு, மேலே ஆட்டெரு தூவி மண் மூடி விட்டால், அது மட்கும் இடத்தில் வேர் இரும்பை எடுத்துக்கொள்கிறது.

யூரியா போடுவதே இல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு குடிநீருக்கான வரம்பைத் தாண்டி நிற்பது ஆய்வுகளில் கண்ட செய்தி. பல தலைமுறை உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து வந்த கேடு அது. குடிப்பதற்கு அது தீங்கு. ஆனால் அதே நீரை இறைக்கும்போதே செடிக்கு நைதரசன் போய்விடுகிறது. அதற்கு மேலும் கொடுத்தால் தண்டு கொழுத்து, சாறு நிறைந்து, காய வைக்கும்போது கழுத்துப் பகுதியிலேயே கறுத்துவிடும். காய வைப்பதற்கென்று ஒதுக்கிய வரிசைக்கு மொட்டு நிறம் காட்டிய பிறகு தண்ணீரையும் குறைத்துவிடுகிறேன். கொஞ்சம் பட்டினி கிடந்த தண்டுதான் நேராக உலரும். சாடிக்கென்று வெட்டும் வரிசைக்கு இது நேர் எதிர். அதற்கு ஒரு நாளும் தாகம் தெரியக் கூடாது.

நடுவதற்கு நல்ல காலம் தை நடுப்பகுதி. மாரி மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் நிற்கும்போதே வேர் ஓடிவிட வேண்டும். பாத்தியை ஒரு சாண் உயர்த்தியிருக்கிறேன். கார்த்திகை மழையில் நீர் நின்றால் செவ்வந்தி வேர் அழுகும். வாடாமல்லி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுகிறேன். கிள்ளாத செடியில் நடுத்தண்டு ஒன்றுதான் நீளும். கிள்ளிய செடியில் வெட்டத்தக்க நீளத்தில் பல கிளைகள் வரும். தென்மேற்குப் பக்கத்தில் கிடுகு வேலி. வைகாசியிலிருந்து சோளகம் அடிக்கத் தொடங்கினால் திறந்த தறையில் நிற்கும் பூத்தண்டு எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நுனி மட்டும் வளைந்து எழும். வளைந்த தண்டு சாடியில் நிற்காது. அதனால் நான்கு மூலையிலும் பூவரசங்கம்பு நட்டு, நைலோன் கயிற்றைக் கட்டங்களாகக் கட்டி, செடி அதற்குள்ளால் வளர விட்டிருக்கிறேன்.

நீலச் சால்வியா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை இங்கே அதிகம் பேர் வளர்ப்பதில்லை. இதன் சொந்த இடம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமும் மெக்சிக்கோவும். சுண்ணக்கல் நிலம், கடும் வெயில் இரண்டுக்கும் பழகிய செடி. குளிர் நாடுகளில் ஒரு பருவத்தோடு முடிந்துபோகும். உறைபனி இல்லாத இடத்தில் அடிக்கட்டை உயிரோடு நின்று மீண்டும் தளிர்க்கும். பூக்கதிரின் தண்டும், பூவின் அடியுறையான புல்லியும் மா தூவியதுபோல வெண்மை படர்ந்திருக்கும். காயும்போது நீல இதழ்கள் உதிர்ந்துவிடுகின்றன. ஆனால் நிறம் ஏறிய புல்லிகள் தண்டில் ஒட்டிக்கொண்டே இருப்பதால் கதிர் முழுவதும் சாம்பல் கலந்த நீலமாக நிலைக்கிறது. உலர்பூவில் நீலம் கிடைப்பது கடினம். அந்த ஒரு காரணத்துக்காகவே இச்செடிக்கு நல்ல இடத்தைக் கொடுத்திருக்கிறேன். பங்குனி, சித்திரை வெயிலில் மட்டும் மதியத்துக்குப் பின் முருங்கை நிழல் விழும் பக்கம்.

செவ்வந்திக்கு விளக்கு

செவ்வந்தி பல்லாண்டுச் செடிதான். பூத்து முடிந்ததும் அடியிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். அவற்றைப் பிரித்து நட்டால் தொடர்ந்து வரும். சிக்கல் தண்டின் நீளத்தில். செவ்வந்தி நீண்ட இரவைக் கண்டால் மொட்டு வைக்கும் செடி. குளிர்நாட்டில் கோடைப் பகல் 15, 16 மணி நேரம் நீள்வதால் அங்கே செடி முதலில் உயரமாக வளர்ந்து, இலையுதிர் காலத்தில்தான் பூக்கும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குள் இருக்கிறது. ஆனி மாதத்து மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம். மார்கழியில் 11 மணி 35 நிமிடமளவு. செவ்வந்தியைப் பொறுத்தவரை இங்கே வருடம் முழுவதும் நீண்ட இரவுதான். அதனால் ஒரு சாண் வளர்வதற்குள் மொட்டு வைத்துவிடுகிறது. பூச்சட்டியில் பார்க்க அழகு, வெட்டினால் தண்டே இல்லை.

வழி ஒன்றுதான்: இரவை நடுவில் உடைப்பது. பாத்திக்கு மேலே ஆளுயரத்தில் மஞ்சள் ஒளி தரும் எல்இடி குமிழ்களைத் தொங்கவிட்டு, நேரக்கணிப்பானில் இரவு 10 மணி முதல் 2 மணி வரை எரிய விட்டேன். இருட்டு நேரம் நான்கு மணி குறைந்ததோடு, மிச்சமும் ஒரே நீட்டாக இல்லாமல் இரண்டு துண்டாகிவிட்டது. செடிக்கு அது போதும், மொட்டு வைக்காது.

மாமிக்கு முதலில் இதில் உடன்பாடில்லை. "பிள்ளை, சாமத்திலே செவ்வந்திக்கு என்னத்துக்கு விளக்கு? கண்ட பூச்சியெல்லாம் வந்து சேருமே."

"இரவு நீளமென்று கண்டால் இப்போதே மொட்டு வைத்துவிடும், மாமி. ஒரு முழம் வளரட்டும், பிறகு அணைத்துவிடுகிறேன்."

"அப்படியென்றால் விளக்கை அணைக்கிற நாள்தான் அதற்குப் பூக்கிற நாள் குறிக்கிறதா?"

மாமி சொன்னது சரியான கணக்கு. விளக்கை நிறுத்தியதிலிருந்து வகையைப் பொறுத்து 8 முதல் 10 வாரத்தில் பூ விரியும். ஐப்பசி இறுதியில் நிறுத்தினால் தைப்பொங்கலை ஒட்டி வெட்டலாம். கோடையில் இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கடும் வெக்கையில் மொட்டு உருவாவதே தள்ளிப்போகும், விரியும் பூவும் நிறம் வெளிறி வரும். பொத்தான் அளவுச் சிறுபூ வகைகளை மட்டுமே வைத்திருக்கிறேன். பெரிய பூ வகைகள் காயும்போது இதழ் பழுப்பேறி உதிர்ந்துவிடும்.

ஒரே செடி, இரண்டு வெட்டு

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. சாடிக்கு வெட்டும் பூவும் காய வைக்க வெட்டும் பூவும் ஒரே தண்டில் வந்தாலும் வெட்டும் தருணம் வேறு, நேரமும் வேறு.

சாடிக்கு வெட்டுவதென்றால் சூரியன் ஏறுவதற்கு முன், தண்டில் நீர் நிறைந்திருக்கும்போது, தண்ணீர் வாளியைக் கையோடு கொண்டுபோய் வெட்ட வேண்டும். காய வைப்பதற்குப் பனி உலர்ந்த பிறகு, காலை 9 மணிக்கு மேல், வெயில் சுடத் தொடங்குவதற்குள். செதில்களுக்கிடையே பனி தங்கிய பூவைக் கட்டித் தொங்கவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

வாடாமல்லியைச் சாடிக்கு உருண்டை நிறம் ஏறியதுமே வெட்டலாம். காய வைக்க வேண்டுமானால் உருண்டை முழு அளவுக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆனால் அது நீண்டு முட்டை வடிவம் எடுக்கத் தொடங்கிவிட்டால் அடிச்செதில்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். காய்ந்த பிறகு தொட்டவுடன் கொட்டும். தண்டைப் பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். தலை தொங்கினால் இன்னும் முற்றவில்லை. தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம். கோழிக்கொண்டையில் கொண்டைக்கு அடியில் கறுத்த விதை தெரியத் தொடங்கும்போது வெட்டிவிட வேண்டும். தொங்கவிடும்போது கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்தால் அடுத்த வருட விதை அதிலேயே கிடைக்கும்.

ரோசாவுக்கும் செவ்வந்திக்கும் நேர் எதிரான இயல்பு. ரோசா மொட்டு பாதி விரிந்த நிலையில், வெளியிதழ் ஒன்றிரண்டு விலகும்போது வெட்டினால் சாடியிலும் விரியும், காயும்போதும் இன்னும் சற்று விரிந்து நல்ல வடிவில் நிற்கும். செவ்வந்தி மொட்டாக வெட்டினால் சாடியில் சரியாக விரியாது. அதைச் செடியிலேயே விரிய விட வேண்டும். காய வைப்பதற்கு நடுப்பகுதி மட்டும் இறுக்கமாக இருக்கும்போது வெட்டுகிறேன். நிலச்சம்பங்கியில் கதிரின் அடியில் இரண்டு பூ மலர்ந்ததும் வெட்டினால் மற்றவை சாடியில் ஒவ்வொன்றாக மலரும். அதன் இதழ் தடித்த சதை, காய வைத்தால் பழுப்புத் தோல்தான் மிஞ்சும். அது சாடிக்கு மட்டும். இரவில் வீடு முழுவதும் பரவும் அந்த மணத்துக்காக அதை வைத்திருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. போகன்விலா அதற்கு மறுபக்கம்: சாடியில் ஓரிரு நாளில் கொட்டிவிடும், உலர்த்தினால் மாதக்கணக்கில் நிற்கும்.

சாடித் தண்ணீருக்கு நேரடிக் கிணற்று நீர் கூடாது. சுண்ணாம்பு மிகுந்த நீரைத் தண்டு மெதுவாகத்தான் உறிஞ்சும். கொதிக்க வைத்து ஆற விட்டால் சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். தெளிந்த நீரை மட்டும் எடுத்து, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி சீனி, அரைத் தேசிக்காய்ச் சாறு, கிருமி பெருகாமல் இருக்கச் சில துளி குளோரின் வெளிற்றுத் திரவம். இரண்டு நாளுக்கொரு முறை நீரை மாற்றி, தண்டின் நுனியைச் சரிவாக வெட்டிவிட வேண்டும்.

வெங்காயக் கொட்டில்

பூவைக் காய வைக்க யாழ்ப்பாணத்தில் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. வெங்காயத்தைத் தாளோடு பிடியாகக் கட்டிக் கொட்டில் மரத்தில் தொங்கவிட்டுப் பாதுகாப்பது நம் வழக்கம். கிடுகுக் கூரை, வெயில் நேராக விழாத இருட்டு, நான்கு பக்கமும் காற்று. உலர்பூவுக்கு வேண்டியவை இவையேதான். வெயிலில் காய வைத்தால் விரைவாகக் காயும், ஆனால் நிறம் வெளுத்துவிடும்.

கட்டும் விதத்தை மாமியிடம்தான் கற்றேன். வெங்காயப் பிடி காயக் காயத் தாள் சுருங்கும், கயிறு தளர்ந்து பிடி நழுவும். அதனால் மாமி ஒவ்வொரு பிடியையும் சுருக்கு முடிச்சால் கட்டி, சில நாளில் மீண்டும் இழுத்து இறுக்குவார். பூத்தண்டும் அப்படியே சுருங்கும். நான் அதற்கு றப்பர் வளையம் போடுகிறேன், தண்டு மெலிய மெலிய அதுவும் கூடவே இறுகிக்கொள்ளும். இலைகளை முழுவதும் உருவிவிட்டு, கைப்பிடியில் அடங்கும் சிறு கட்டாக, பூக்கள் ஒரே உயரத்தில் மோதாதபடி முன்பின்னாக அடுக்கித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தலைகீழாக ஏன் என்றால், ஈரம் இருக்கும்வரை தண்டு தலையின் பாரத்துக்கு வளையும். தொங்கும்போது அந்தப் பாரமே தண்டை நேராக இழுத்துப் பிடிக்கிறது.

சோளகம் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வாடாமல்லி இரண்டு வாரத்துக்குள் காய்ந்துவிடுகிறது. கோழிக்கொண்டையின் தடித்த கொண்டைக்கு இன்னும் ஒரு வாரம் தேவை. காய்ந்துவிட்டதா என்று தண்டை நடுவில் ஒடித்துப் பார்ப்பது போதாது. தலைக்குக் கீழே, தண்டு பூவோடு சேரும் அந்தக் கழுத்தை நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் கடைசியாக விலகும் இடம் அதுதான். அங்கே நெகிழ்ச்சி இருக்கும்போது பேணியில் அடைத்தால் முழுக் கட்டும் வீண்.

ரோசாவைத் தொங்கவிடுவதைவிட மணலில் புதைப்பது எனக்கு விருப்பம், வடிவம் கெடாது. கட்டட வேலையில் மிஞ்சிய மணலைச் சலித்து, பல தண்ணீரில் அலசி, நன்கு வறுத்து ஆற வைத்தேன். அலசுவது மிக முக்கியம். கடற்கரை மணலில் உப்பு இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பூவுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு பேணியில் இரண்டு விரற்கடை மணல் போட்டு, காம்பு குட்டையான ரோசாவை நிமிர்த்தி வைத்து, இதழிடுக்குகளில் மணலைக் கரண்டியால் சிறிது சிறிதாக விழ விட வேண்டும். மூடாமல் கொட்டிலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கலாம். எடுக்கும்போது பேணியைச் சரித்து மணலை வடிய விட வேண்டும், பூவைப் பிடித்து இழுக்கக் கூடாது. சிவப்பு ரோசா காய்ந்ததும் கறுப்புக்குக் கிட்டப் போய்விடும். இளஞ்சிவப்புத்தான் நிறம் காக்கிறது.

புரட்டாதி கடந்தால் எதையும் புதிதாகத் தொங்கவிடுவதில்லை. மாரிக் காற்றில் ஈரம் மிகுந்து, காய்ந்த பூவே மீண்டும் நெகிழத் தொடங்கும். அதற்குள் எல்லாம் பிஸ்கட் பேணிகளுக்குள் போய்விட வேண்டும். தைப்பொங்கல் செவ்வந்தி மட்டும் விதிவிலக்கு. மழை ஓய்ந்த நாட்களில் வெட்டி, அடுப்படிப் பரணில் தொங்கவிடுகிறேன்.

பேணிக்குள்ளும் ஒரு பகை உண்டு. புகையிலை செய்தவர்கள் நன்கு அறிந்த சிறு பழுப்பு வண்டு உலர்பூவையும் விடாது. கட்டின் அடியில் மெல்லிய தூள் கொட்டியிருந்தால் அது வந்துவிட்டது என்று பொருள். அடைக்கும் முன் ஒவ்வொரு கட்டையும் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைத்து எடுக்கிறேன். முட்டையும் புழுவும் அதில் மடியும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தால்தான் பூவில் நீர் முத்து கோர்க்காது.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்கும் ஊருக்கு வரும் உறவினர்களுக்கு இந்தக் கட்டுகள் நல்ல கைப்பொருள். குரக்கன் கதிரையும் தாமரைக் காயையும் சேர்த்துக் கட்டினால் பூ குறைவாக இருந்தாலும் கட்டு நிறைவாகத் தெரிகிறது. அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு போகிறவர்களிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறேன்: உலர்ந்த பூவும் தாவரப் பொருள்தான், விமான நிலையத்தில் அறிவிப்புப் படிவத்தில் எழுதாமல் விடக் கூடாது. விதை நிற்கும் கோழிக்கொண்டையை அவர்களுக்கு நான் கட்டுவதே இல்லை.

ஐப்பசி மழைக்கு முன் செய்யும் கடைசி வேலை கத்தரிப்பு. சால்வியாவைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுகிறேன். புதுத்தளிர் அடியிலிருந்து வரும். போகன்விலாவுக்குக் கோடைப் பூ புதுக்கிளையில்தான் வரும் என்பதால் நீண்ட கொடிகளைப் பாதியாகக் குறைக்கிறேன். நிலச்சம்பங்கிக் கிழங்கு நெருங்கியிருந்தால் மழைக்கு முன் கிளப்பி, பிரித்து, கொட்டிலில் சாக்கில் பரப்பி வைத்துத் தை மாதத்தில் நட வேண்டும். முற்றிய வாடாமல்லிச் செடிகளைப் பிடுங்கி, விதையைப் பாத்தியிலேயே உதிர்த்துவிட்டு, மேலே மெல்லிய மண் தூவினால் போதும். செவ்வந்திக்கு மட்டும் அந்த வேளையில் கத்தி வைக்கக் கூடாது, அது அப்போது விளக்கின் கீழே வளர்ந்துகொண்டிருக்கும்.